புகையால் சிக்கிய டாங்கிகள்... ஆயில் பிரச்சினையைத் தீர்த்த ஹாரி ரிக்கார்டோ யார்?

பைக் சைலன்சரில் நீலப் புகை வந்தா மெக்கானிக் பார்த்ததுமே சொல்லிடுவார், வண்டி ஆயில் குடிக்குதுன்னு. நமக்கு அது செலவு. முதல் உலகப்போரில் டாங்கிக்குள் இருந்தவர்களுக்கோ அது உயிர்ப் பிரச்சினை.

1916 செப்டம்பரில், பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் பிரிட்டன் முதன்முறையாக டாங்கிகளை இறக்கியது. சுமார் 28 டன் எடை, உள்ளே 8 பேர். இழுக்க இருந்தது 105 குதிரைத்திறன் கொண்ட டெய்ம்லர் இன்ஜின். வழக்கமான வால்வுகளுக்குப் பதில், சிலிண்டருக்குள் மேலும் கீழும் நகரும் குழாய்கள் அதில் இருந்தன. காருக்கு சத்தமில்லாத இன்ஜின்தான். ஆனால், அந்தக் குழாய்கள் நகர ஆயில் ஏராளமாக வேண்டும். கொஞ்ச நேரம் ஐடிலில் நின்றுவிட்டு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால், தேங்கிய ஆயில் எரிந்து புகை மண்டலம்தான். மறைந்து நிற்கும் டாங்கி எங்கே இருக்கிறது என எதிரி பீரங்கிக்கு அதுவே காட்டிக்கொடுத்தது.

மைலேஜ் போட்டியில் ஜெயித்த மாணவர்

இதைத் தீர்க்க வந்தவர்தான் ஹாரி ரிக்கார்டோ. 1885-ல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிக்கும்போது, ஒரு லிட்டரைவிடக் கொஞ்சம் அதிகமான பெட்ரோலில் யார் அதிக தூரம் போவது என்று போட்டி. தானே செய்த வண்டியில் சுமார் 64 கி.மீ. ஓட்டி ஜெயித்தார். இத்தனைக்கும் போட்டியிலேயே கனமான வண்டி அவருடையது!

டாங்கிக்கு புது இன்ஜின் வடிவமைக்கும் வேலை வந்தபோது அவருக்கு வயது 31-தான். நல்ல பெட்ரோல், அலுமினியம், உறுதியான எஃகு எல்லாமே விமானங்களுக்குப் போய்விட்டன. மிச்சம் இருப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

என்ன மாற்றினார்?

சாதாரண இன்ஜினில் கீழே கிராங்க் சுழலும்போது தெறிக்கும் ஆயில், சிலிண்டர் சுவரில் ஏறி, பிஸ்டனைத் தாண்டி மேலே போய் எரியக்கூடும். ரிக்கார்டோ பிஸ்டனுக்குக் கீழே 'கிராஸ்ஹெட்' என்ற தனிப் பகுதியை வைத்தார். கனெக்டிங் ராடின் பக்கவாட்டு அழுத்தத்தை அது தாங்கிக்கொள்ளும். தெறிக்கும் ஆயில் பிஸ்டன் வரை ஏறாது. நீராவி இன்ஜின்களில் இருந்த பழைய ஐடியாதான். கார்களுக்கு இது எடை அதிகம், ஒத்துவராது. டாங்கிக்கு எடை ஒரு விஷயமே இல்லையே! 6 சிலிண்டர், 150 குதிரைத்திறன். புகைத் தொல்லை தீர்ந்தது.

இந்த இன்ஜினோடு வந்த மார்க் 5 டாங்கி, 1918 ஜூலை 4-ல் ஹாமெல் சண்டையில் இறங்கியது. ஒரே ஆள் ஓட்ட முடிந்தது என்ற பெருமை மட்டும் ரிக்கார்டோவுக்கு அல்ல, கியர்பாக்ஸ் செய்த வால்டர் வில்சனுக்குப் போகணும். குறையும் இருந்தது. வெளியே புகை நின்றாலும், காற்றோட்டம் மோசமானதால் உள்ளே வெப்பத்திலும் நச்சு வாயுவிலும் வீரர்கள் மயங்கினார்கள்.

டாங்கி இன்ஜினுக்குக் கிடைத்த ராயல்டி, ஷோர்ஹாமில் அவர் ஆய்வுக்கூடம் அமைக்கக் கைகொடுத்தது. இன்று பெட்ரோல் பங்கில் நாம் பார்க்கும் ஆக்டேன் எண்ணுக்கு, இன்ஜின் 'நாக்கிங்' பற்றிய அவருடைய ஆய்வுகள் வழிபோட்டன. 1930-களில் அவருடைய 'காமெட்' டீசல் தொழில்நுட்பம் லண்டன் பேருந்துகளில் ஓடியது. 1948-ல் சர் பட்டம் பெற்ற ரிக்கார்டோ, 1974 மே மாதம் தனது 89-வது வயதில் காலமானார்.