தச்சர் மகன் வால்ட் விட்மன்

இரண்டாமாண்டு மாணவன், இளம் அறிவியல் (வேதியியல்)

கடல் கடந்த நாட்டிலே பிறந்து, நாம் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மறைந்துபோன ஒரு கவிஞரைப் பற்றி, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளியின் மகன் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். வேதியியல் மாணவனாகிய நான் உப்பைப் பற்றி எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்று விடுதி நண்பர்களும் கேலி செய்தார்கள். உப்பைப் பற்றி எழுத எனக்கு ஆசைதான். ஆனால் உப்பைவிட என்னை அதிகம் கரித்தது ஆங்கிலம். முதற் பருவத் தேர்வில் ஆங்கிலத் தாளில் நான் தேர்ச்சி பெறவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தச் செய்தியை வீட்டில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு வாரம் ஊருக்கே போகாமல் இருந்தேன்.

அந்த நாட்களில் எனக்குப் புகலிடம் தந்தது கல்லூரி நூலகம். ஆங்கில நூல்கள் இருந்த பக்கம் போக அஞ்சி, பாரதியாரின் கட்டுரைத் தொகுதியை எடுத்துப் படித்தேன். அதில் 'நகரம்' என்ற கட்டுரையில் வால்ட் விட்மன் என்ற அமெரிக்கக் கவிஞரை மகாகவி மனமாரப் போற்றியிருந்தார். நம் பக்கத்து எட்டயபுரத்துக்காரர் போற்றிய மனிதர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் பிறந்தது. அவ்வாவலே என்னை ஆங்கில நூல்கள் இருந்த அலமாரிக்கு இழுத்துச் சென்றது. அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு நான் அறிந்தவற்றை இங்கே சொல்கிறேன்.

1819 மே 31-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த லாங் தீவில் வெஸ்ட் ஹில்ஸ் என்னும் சிற்றூரில் விட்மன் பிறந்தார். தந்தை தச்சர், வீடு கட்டி விற்பவர். கையில் காசு தங்காத குடும்பம்; பிள்ளைகளோ பலர். விட்மன் இரண்டாவது பிள்ளை. நான்கு வயதிலே குடும்பம் புரூக்ளின் நகருக்குக் குடிபெயர்ந்தது. பதினோரு வயதில் அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்துபோயிற்று. வழக்கறிஞர் அலுவலகத்தில் ஏவல் செய்யும் பையனாக இருந்தார். பிறகு அச்சகத்தில் சேர்ந்து அச்சுக் கோக்கும் தொழிலைக் கற்றார். பதினேழு வயதில் கிராமப் பள்ளி ஆசிரியரானார், பின்னர் பத்திரிகையாளரானார். பள்ளி கொடுக்காத கல்வியை அச்சகமும் நூலகமும் கடற்கரையும் அவருக்குக் கொடுத்தன எனலாம்.

1846-ல் புரூக்ளினில் ஒரு நாளேட்டின் ஆசிரியர் பொறுப்பு கிடைத்தது. அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்ற கட்சியின் பக்கம் நின்றதால், இரண்டே ஆண்டுகளில் அவ்வேலையை இழந்தார். 1848-ல் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகரில் சில மாதங்கள் பணியாற்றியபோது, மனிதரை மனிதர் ஏலம் போட்டு விற்கும் சந்தையை நேரில் கண்டார். அக்காட்சி பின்னாளில் அவர் பாட்டிலே இடம் பெற்றது.

1855-ஆம் ஆண்டு, தம் முப்பத்தாறாம் வயதில், 'புல்லின் இதழ்கள்' என்னும் நூலைச் சொந்தச் செலவில் வெளியிட்டார். அதில் பன்னிரண்டு பாடல்களே இருந்தன. சில பக்கங்களுக்கு அவரே அச்சுக் கோத்தார். தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயரில்லை. உள்ளே திறந்த கழுத்துச் சட்டையுடன் ஒரு தொழிலாளியைப் போல நிற்கும் அவர் உருவம் மட்டுமே இருந்தது. எதுகையில்லை, அளவெடுத்த அடியில்லை. கடல் அலைபோல நீண்டும் சுருங்கியும் வரிகள் சென்றன. படகோட்டியும், தச்சனும், தப்பி ஓடிவந்த அடிமையும் அப்பாட்டிலே வந்து அமர்ந்தார்கள். பலர் எள்ளி நகையாடினர். எமர்சன் என்னும் பேரறிஞர் மட்டும் பாராட்டிக் கடிதம் எழுதினார். நூல் வெளிவந்த அதே ஜூலை மாதத்தில் தந்தை இறந்துபோனார். மகனின் நூலைப் பற்றி அந்தத் தச்சர் என்ன நினைத்திருப்பார் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கேதான் நம் ஊரும் கதைக்குள் வருகிறது. தென் மாநிலங்களின் செல்வம் பருத்தி. அதை விளைவித்தவை அடிமைகளின் கைகள். வட மாநிலக் கப்பற்படை தெற்குத் துறைமுகங்களை முற்றுகையிட்டதும், இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி வருவது நின்றது. நெசவாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. ஆங்கில வணிகர்களின் கண் இந்தியாவை நோக்கித் திரும்பியது. நம் கரிசல் காட்டில் விளைந்த திருநெல்வேலிப் பருத்தி, மாட்டுவண்டி ஏறித் தூத்துக்குடிக் கடற்கரைக்கு வந்தது. கரையில் ஆழமில்லாததால் கப்பல்கள் தொலைவிலே நின்றன; நம் தோணிகள் பொதிகளைச் சுமந்து சென்று அவற்றில் ஏற்றின. விலை ஏறியது. 1865-ல் போர் முடிந்ததும் அவ்விலை சரிந்தது. எங்கோ வெடித்த பீரங்கியின் அதிர்வு இங்கே உழவனின் கூரை வரை எட்டியது.

அப்போரில் விட்மன் துப்பாக்கி ஏந்தவில்லை. 1862 டிசம்பரில், காயமுற்றோர் பட்டியலில் தம்பி ஜார்ஜின் பெயரைச் செய்தித்தாளில் கண்டு, வர்ஜீனியாப் போர்க்களத்துக்கு ஓடினார். தம்பிக்குச் சிறு காயந்தான். ஆனால் மருத்துவமனையாக மாறியிருந்த ஒரு மாளிகையின் முன்னே, வெட்டியெடுக்கப்பட்ட கைகளும் கால்களும் குவிந்து கிடக்கக் கண்டார். அதன் பிறகு அவரால் வீடு திரும்ப முடியவில்லை. வாஷிங்டனில் தங்கினார். பகலில் சில மணி நேரம் அலுவலகத்தில் படியெடுக்கும் வேலை. மீதி நேரமெல்லாம் மருத்துவமனைகள். பழமும் புகையிலையும் அஞ்சல்தலையும் வாங்கிக்கொண்டு போவார். எழுதத் தெரியாதவர்க்கும் எழுத இயலாதவர்க்கும் அவர்கள் தாய்மார்க்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். இறப்பவர் அருகில் அமர்ந்திருப்பார். அறுநூறு முறைக்கு மேல் அவ்வாறு சென்றதாக அவரே கணக்கிட்டிருக்கிறார்.

இந்தப் பகுதியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா பாத்தி வரப்பில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மூன்று வாரம் மருத்துவமனையில் அவருடன் இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லவும், காப்பீட்டுப் படிவம் நிரப்பவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதை ஒரு பெரிய செயலாக நான் நினைத்ததில்லை, சலித்துக்கொண்டதும் உண்டு. உலகம் போற்றும் கவிஞர் ஒருவர் தம் வாழ்வின் சிறந்த பணியாகக் கருதியது அதைப் போன்ற ஒரு வேலையைத்தான் என்று அறிந்தபோது, வெட்கமும் பெருமையும் ஒருங்கே வந்தன.

அவர் குறையே இல்லாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. அடிமையின் துயரத்தை உருகிப் பாடியவர்தாம். ஆயினும் போருக்குப் பின் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை என்ற பேச்சு எழுந்தபோது அவர் மனம் அவ்வளவு தூரம் விரியவில்லை. பாட்டு எட்டிய உயரத்தைப் பாடியவர் எட்டவில்லை. இதை மறைத்து எழுதினால் அது வாழ்க்கை வரலாறாகாது, வாழ்த்துப்பாவாகிவிடும்.

1865 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். நாட்டைக் கப்பலாகவும் லிங்கனை அதன் தலைவராகவும் உருவகித்து, கரை சேரும் நேரத்தில் தலைவன் மாண்டு கிடப்பதாக விட்மன் பாடிய இரங்கற்பா உலகப் புகழ் பெற்றது. துறைமுகத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அதன் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம், அவர் பணியாற்றிய துறையின் அமைச்சர், 'புல்லின் இதழ்கள்' ஒழுக்கக்கேடான நூல் என்று கருதி அவரை வேலையிலிருந்து நீக்கினார். நண்பர்கள் முயற்சியால் வேறொரு துறையில் வேலை கிடைத்தது.

1873-ல் பக்கவாதம் தாக்கியது. அதே ஆண்டு தாயையும் இழந்தார். நியூஜெர்சியைச் சேர்ந்த கேம்டன் நகரில் தம்பி வீட்டில் அடைக்கலம் புகுந்தார். 1882-ல் பாஸ்டன் நகர அரசு வழக்கறிஞர் அச்சுறுத்தியதால் பதிப்பாளர் நூலைக் கைவிட்டார். அப்பரபரப்பினாலேயே வேறு ஊரில் நூல் நன்கு விற்றது. அந்தப் பணத்தில் 1884-ல் ஒரு சிறு வீடு வாங்கினார். அறுபத்தைந்தாம் வயதில் அவர் வாங்கிய வீடு அது. பன்னிரண்டு பாடல்களோடு தொடங்கிய அந்த ஒரே நூலைத் திருத்தியும் பெருக்கியும் ஏறத்தாழ 400 பாடல்களாக்கி, 1892 மார்ச் 26-ஆம் நாள் கண்மூடினார்.

பாஸ்டனில் நூல் தடைபட்ட அதே 1882-ல் எட்டயபுரத்தில் பாரதி பிறந்தார். பருத்தி ஆலை வைக்க முயன்று பொருளிழந்தவர் பாரதியின் தந்தை சின்னச்சாமி ஐயர். தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் 1908-ல் வ.உ.சி. தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் பக்கம் நின்று எழுதியவர் பாரதி. பருத்தி நூல் அமெரிக்காவையும் கரிசல் காட்டையும் பிணைத்தது போலவே, பாட்டு நூலும் பிணைத்தது. பாரதியின் வசன கவிதைகளுக்கும், பின்னர் ந. பிச்சமூர்த்தி தொடங்கிவைத்த புதுக்கவிதைக்கும் விட்மனின் பாட்டு ஒரு தூண்டுகோலாயிற்று.

விடுமுறையில் வீட்டுக்குப் போய், தோல்வியைச் சொல்லிவிட்டு, இந்தக் கதையையும் அம்மாவுக்குச் சொன்னேன். பாட்டைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை தாய்க்குப் பணம் அனுப்பினானா என்று மட்டும் கேட்டார்கள். வாஷிங்டனிலிருந்து அனுப்பினார் என்றேன். அப்படியானால் நல்ல பிள்ளைதான் என்று சொல்லிவிட்டு உப்பு வாரப் புறப்பட்டுவிட்டார்கள். அடுத்த பருவத்தில் நான் ஆங்கிலத் தாளில் தேறினேன். மதிப்பெண்ணை மட்டும் கேட்காதீர்கள்.

மாணவ நண்பர்களே! பதினோரு வயதில் பள்ளியை விட்டவர் அவர். எழுதப் படிக்கத் தெரிந்ததைப் பிறருக்காகச் செலவிட்டார். நாமோ பட்டம் பெறப் போகிறவர்கள். நம் தெருவில் இன்னும் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் பலர் உண்டு. இனி அவர்கள் கூப்பிடும்போது நான் சலித்துக்கொள்வதில்லை.