பெயர் வேண்டாப் பெருந்தகை

ஆண்டுதோறும் மாணவர் சேர்க்கையின்போது விண்ணப்பப் படிவங்களைச் சரிபார்க்கும் பணி நமக்கும் வந்து சேர்வதுண்டு. தந்தையின் தொழில் என்னும் இடத்தைச் சிலர் விரைந்து நிரப்பிவிடுவர். சிலரோ எழுதுகோலை நிறுத்திக்கொண்டு தலைகுனிவர். கூலி என்று எழுத வேண்டிய கை தயங்கும். அத்தயக்கத்தைக் காணுந்தோறும் நம் நெஞ்சு வருந்தும். பட்டம், பதவி, பணம், குலம் ஆகியவற்றைக் கொண்டே ஆளை அளக்கும் உலகில், அவை இல்லாதவன் ஒரு பொருட்டாக மதிக்கப்படுவதில்லை. அத்தகைய மாணவரைப் பார்க்கும்போதெல்லாம் கடலூர் மாவட்டத்து மண்ணில் தோன்றிய பெரியார் ஒருவர் நம் நினைவில் எழுகின்றார். அவர்தாம் வடலூர் இராமலிங்க அடிகளார்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் அடிகளார் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர்; தாயார் சின்னம்மையார். அவர்களுக்கு ஐந்தாம் மகவாகத் தோன்றிய அடிகளார் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். அன்னையார் மக்களுடன் பொன்னேரிப் பகுதியிலுள்ள சின்னக்காவணத்திற்கும், பின்னர்ச் சென்னைக்கும் பெயர்ந்தார். மூத்தவர் சபாபதி புராண விரிவுரை செய்து ஈட்டிய சிறு வருவாயிலேயே குடும்பம் நடந்தது. தம்பியையும் படிக்க வைக்க அவர் முயன்றார். ஆனால் அடிகளார் முறையான பள்ளிக் கல்வியில் நிலைத்தாரில்லை.

உலகம் ஒருவரைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள் நமக்குத் தெரியும். எவரிடம் பாடம் கேட்டீர், எந்த மடத்தைச் சேர்ந்தவர், என்ன உத்தியோகம், எவ்வளவு நிலம் என்று அவை நீளும். இவற்றுள் ஒன்றுக்கேனும் உலகம் மெச்சும் விடை அடிகளாரிடம் இல்லை. மடத்துத் தலைமை அவருக்கு இல்லை, அரசுப் பதவி இல்லை, செல்வமும் இல்லை. வெள்ளாடையால் உடலையும் தலையையும் போர்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு, பிறர் கண்ணிற் படாதவாறு ஒதுங்கி நடப்பது அவர் இயல்பு என்பர்.

1858-ஆம் ஆண்டு அவர் சென்னையை விட்டு நீங்கினார். சிதம்பர வழிபாட்டை விரும்பித் தென்திசை வந்தவர், வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் என்பாரின் இல்லத்தில் பல்லாண்டுகள் தங்கினார். சொந்தமாக ஒரு வீடும் இல்லாமல் பிறர் வீட்டில் விருந்தினராகவே வாழ்ந்த அந்நாளில்தான் அவருடைய பாடல்கள் பெருகின. அவற்றை அச்சேற்ற அவர் விழையவில்லை. அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் தம் கைக்கு வந்து சேரும்வரை ஒருவேளை உணவே கொள்வதாக நோன்பு பூண்டார். ஒருவர் தம் பொருட்டுப் பசித்திருப்பதை அடிகளாரால் தாங்க இயலவில்லை. அதன் பின்னரே இசைந்தார். அப்போதும் ஒரு வேண்டுகோளை விடுத்தார். சாமி என்னும் சொல்லைத் தம் பெயரோடு சேர்த்து அச்சிடுவது ஆரவாரமாகத் தோன்றுவதால் அவ்வாறு செய்யற்க என்று கடிதம் எழுதினார். தம் கடிதங்களில் சிதம்பரம் இராமலிங்கம் என்றே அவர் ஒப்பமிட்டார். சார்ந்த தலத்தின் பெயரும் பெற்றோர் இட்ட பெயருமே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

ஆயினும் மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியாரின் அன்பு அடங்கவில்லை. 1867-இல் நூல் வெளிவந்தபோது பாடல்களுக்குத் திருவருட்பா என்னும் பெயரையும் ஆசிரியருக்கு வள்ளலார் என்னும் சிறப்பையும் அவர் சூட்டினார். வேண்டாத பெயர் பூசலையும் உடன் கொணர்ந்தது. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரும் அவரைச் சார்ந்தோரும் இப்பாடல்களைத் திருமுறைகளுக்கு நிகராக ஏற்க மறுத்தனர். நாவலர் தமிழுக்கும் சைவத்திற்கும் ஆற்றிய தொண்டு பெரிது. பழந்தமிழ் நூல்களைப் பிழையறப் பதிப்பித்தவர் அவர். தாம் போற்றிய திருமுறை மரபைக் காப்பதே அவர் நோக்கமாக இருந்தது. எனினும் இப்பூசலின் அடியில் நாம் மேலே கண்ட அதே கேள்வி மறைந்திருந்தது எனலாம். இப்படிப் பாட இவர் யார் என்பதே அக்கேள்வி.

பூசல் கண்டன நூல்களோடு நில்லாமல் 1869-இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அடிகளார் மன்றத்துள் நுழைந்தபோது வழக்குத் தொடுத்த நாவலரும் தம்மையறியாது எழுந்து நின்றார் என்று ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. வழக்கினின்றும் அடிகளார் விடுபட்டார். ஆனால் அருட்பா, மருட்பா என்னும் வாதம் அவர் காலத்திற்குப் பின்னும் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மீண்டும் மூண்டபோது, அருட்பாவின் பக்கம் நின்று வாதாடியவர்களுள் ஒருவர் நாகர்கோவிலை அடுத்த கோட்டாற்றுச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் என்னும் இசுலாமியப் புலவர் ஆவார். சைவப் பாடல்களைக் காக்க ஓர் இசுலாமியர் முன்வந்தமை தமிழ் வரலாற்றில் நாம் பெருமையோடு நினைவுகூரத்தக்கது.

பாடலினும் பெரிய பணி ஒன்றை அடிகளார் 1867 மே 23-இல் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து வழங்கிய ஏறத்தாழ எண்பது காணி நிலத்தில் சத்திய தருமச்சாலை எழுந்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகிறது. பசித்து வருவோர் யாவராயினும் அங்கே உணவு பெறலாம். குலமும் ஊரும் தொழிலும் கேட்கப்படுவதில்லை. பசியே அங்கு ஒரே தகுதி. தம்மை யாரென்று உலகம் கேட்ட கேள்வியை, தம் வாயிலுக்கு வந்த எவரிடத்தும் அவர் கேட்டாரில்லை.

ஈண்டு ஓர் உண்மையை நாம் மறைத்தல் ஆகாது. அடிகளார் புலால் மறுத்தலைத் தம் நெறியின் அடிப்படையாகக் கொண்டவர். புலால் உண்போரைப் புறவினத்தார் என்று வகுத்தவர். அவ்வகையில் நம்முள் பலரும் அவருக்குப் புறத்தாரே ஆவோம். எனினும் புறவினத்தாரும் பசித்து வந்தால் அவர்தம் பசியைப் போக்க வேண்டும் என்றே அவர் விதித்தார். தம்மோடு உடன்படாதவர்க்கும் பந்தியில் இடம் வைத்த இந்த நேர்மை நம்மை வணங்கச் செய்கிறது. உடன்பாடு கண்டு இலையிடுவது உறவு. உடன்பாடு கேளாமல் இலையிடுவதே அறம்.

1870-இல் அவர் மேட்டுக்குப்பம் சென்று தங்கினார். 1872 சனவரி 25-இல் வடலூர் சத்திய ஞான சபையில் சோதி வழிபாடு தொடங்கியது. இளமை முதல் பாடிப் பரவிய தில்லைச் சிற்றம்பலத்திற்கு வடக்கே, சாதி சமய வேறுபாடு கடந்த ஒரு வழிபாட்டிடத்தை அவர் அமைத்தார். 1874 சனவரி 30, தைப்பூசத்தன்று மேட்டுக்குப்பத்து அறையொன்றினுள் சென்று கதவை அடைத்துக்கொண்டார். அதன்பின் அவரைக் கண்டார் இலர். அதுபற்றி அன்பர்கள் கொண்டுள்ள நம்பிக்கை அவர்களுக்கு உரியது. நாம் அதனுள் புகவில்லை. வாழும்போது பெயரை மறைக்க விரும்பியவர், இறுதியில் தம் உருவையும் பிறர் காணாவாறு சென்றார் என்ற அளவில் நிற்கிறோம்.

காலத்தின் போக்கு வியப்பானது. 1993-இல் தென்னார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, கடலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதிக்குத் தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம் என்று பெயரிட்டனர். 1997-இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அது கடலூர் மாவட்டம் ஆயிற்று. பெயர்ப்பலகை வந்தது, போயிற்று. தருமச்சாலையின் அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. அடிகளார் எதை வேண்டினார், எதை வேண்டவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் தேவையில்லை.

அன்பு மாணவர்களே, தந்தையின் தொழிலை எழுதும்போது உங்கள் கை தயங்க வேண்டுவதில்லை. கூலி என்ற சொல்லில் இழிவு இல்லை. அதைக் கண்டு முகம் மாறும் கண்ணில்தான் இழிவு உள்ளது. அக்கண் சில வேளைகளில் ஆசிரியராகிய நம்முடையதாகவும் இருந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். நாளை நீங்கள் பட்டமும் பதவியும் பெற்று ஒரு மேசையின் மறுபுறம் அமர்வீர்கள். அப்போது எதிரே ஒருவர் தலைகுனிந்து நின்றால், நீர் யார் என்று கேட்குமுன் சாப்பிட்டீரா என்று கேளுங்கள். கருங்குழியில் பிறர் வீட்டில் வாழ்ந்த அப்பெரியவரிடம் நாம் கற்க வேண்டிய பாடம் அதுவே.