வெறுங்கையால் பந்து பிடித்த மோசஸ் வாக்கர்

பேஸ்பால் ஆட்டத்தில் கேட்சர் என்பவர் கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரைப் போன்றவர். பந்தடிப்பவருக்குப் பின்னால் நின்று, எப்படி வீச வேண்டும் என்று வீச்சாளருக்குச் சைகை காட்டுவார். வரும் பந்தைப் பிடிப்பதும் அவர் வேலைதான். 1880-களில் இன்றுள்ள கனத்த கையுறை கிடையாது. பெரும்பாலும் வெறுங்கையால்தான் பிடித்தார்கள். அமெரிக்காவின் டொலேடோ குழுவில் அந்த இடத்தில் நின்றவர் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர். அவர் கறுப்பினத்தவர்.

ஒஹாயோ மாநிலத்தில் 1856-இல் பிறந்த வாக்கர், ஓபர்லின் கல்லூரியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1883-இல் டொலேடோவில் சேர்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் சிகாகோ குழு அங்கு ஆட வந்தது. கறுப்பர் இறங்கினால் தாம் ஆடப்போவதில்லை என்றார் அதன் தலைவர் கேப் ஆன்சன். கையில் காயம் பட்டிருந்த வாக்கருக்கு அன்று ஓய்வு கொடுப்பதாகத்தான் இருந்தது. மிரட்டலைக் கேட்ட டொலேடோ நிர்வாகி சார்லி மார்ட்டன் வேண்டுமென்றே அவரைக் களமிறக்கினார். டிக்கெட் வசூலில் தம் பங்கு போய்விடுமே என்று ஆன்சனும் ஆடினார்.

1884-இல் டொலேடோ முதல்நிலை லீக்கில் சேர்ந்தது. வாக்கர் 42 ஆட்டங்கள் ஆடினார். எதிர்ப்பு சொந்தக் குழுவிலும் இருந்தது. நட்சத்திர வீச்சாளர் டோனி முல்லேன் அவருடைய சைகைகளை மதிக்காமல் தம் விருப்பப்படி வீசினார். எந்தப் பந்து வரும் என்று தெரியாமலேயே வாக்கர் பிடித்தார். தாம் கண்ட கேட்சர்களில் அவரே சிறந்தவர் என்று முல்லேன் ஒப்புக்கொண்டது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். ரிச்மண்ட் நகரில் வாக்கர் ஆடினால் ஒரு கும்பல் தாக்கும் என்று மிரட்டல் கடிதமும் வந்தது. காயங்கள் கூடின. அந்தப் பருவம் முடியும் முன்பே குழு அவரை விடுவித்தது.

பின்னர் அவர் ஆடிய இண்டர்நேஷனல் லீக், இனிக் கறுப்பினத்தவருடன் புதிய ஒப்பந்தம் இல்லை என்று 1887 ஜூலை 14-இல் வாக்கெடுத்து முடிவு செய்தது. முதல்நிலைக் குழுக்களோ எந்தச் சட்டமும் எழுதாமலே கதவை மூடின. 1889-இல் வாக்கர் விலகிய பின், இண்டர்நேஷனல் லீக்கில் அடுத்த கறுப்பின ஆட்டக்காரராக ஜாக்கி ராபின்சன் இறங்கியது 1946-இல். மறு ஆண்டு அவர் முதல்நிலை லீக்கிலும் ஆடினார்.

வாக்கர் பிற்காலத்தில் ஒஹாயோவில் ஓர் அரங்கம் நடத்தினார். 1908-இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவில் இரு இனமும் சேர்ந்து வாழ முடியாது, கறுப்பினத்தவர் ஆப்பிரிக்காவுக்குச் செல்வதே வழி என்பது அதன் கருத்து. வெள்ளையரோடு ஒரே குழுவில் நின்று ஆடிக்காட்டியவரை அனுபவம் இந்த முடிவுக்குத் தள்ளியிருந்தது.

1924-இல் அவர் காலமானார். அவருடைய கல்லறையில் பெயர் பொறித்த கல் வைக்கப்பட்டது 1990-களின் தொடக்கத்தில்தான்.