உதகையைப் படம் பிடித்த பென்

நீலகிரியில் மலை ரயில் ஓடாத காலம் அது. குன்னூருக்கு ரயில் வந்ததே 1899-ம் ஆண்டில்தான். அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே, 1865-ல், ஆங்கில இளைஞர் ஒருவர் உதகமண்டலத்துக்கு வந்தார். வயது சுமார் 16.

அவர் பெயர் ஆல்பர்ட் தாமஸ் வாட்சன் பென். 1849-ல் இங்கிலாந்தில் சாமர்செட் மாவட்டத்தில் பிறந்தவர்.

சென்னையிலும் உதகையிலும் நிக்கோலஸ் சகோதரர்கள் போட்டோ ஸ்டூடியோ நடத்தி வந்தார்கள். அவர்களிடம் பென் வேலை பார்த்தார். 1875-ல் உதகையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

ஈரம் காயுமுன்!

அந்தக் காலத்தில் படம் எடுப்பது எளிதான வேலை அல்ல. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசவேண்டும். ஈரம் காயுமுன் படம் எடுத்து, உடனே இருட்டில் வைத்துக் கழுவவேண்டும். வெளியூர் போனால் கனமான காமிரா, கண்ணாடித் தகடுகள், மருந்துகள், இருட்டுக் கூடாரம் எல்லாம் கூடவே போகும்.

இப்படித்தான் உதகையின் காட்சிகளையும் தோடர் மக்களையும் பென் படம் பிடித்தார்.

முட்டையும் வெயிலும்

படத்தை அச்சிட்ட தாளுக்கு முட்டையின் வெள்ளைக் கருவில் உப்புக் கலந்து பூசுவார்கள். அதன்மேல் வெள்ளி உப்பு மருந்து ஏற்றுவார்கள். அதைக் கண்ணாடித் தகட்டோடு சேர்த்து வெயிலில் வைத்தால் தாளில் படம் விழும்.

தாளோ மிக மெல்லியது. வெள்ளைக் கரு காயும்போது சுருங்கும். அது இழுக்கும் இழுப்பில் தாள் பாய்போலச் சுருண்டுகொள்ளும். அதனால்தான் கஞ்சிப் பசை தடவித் தடித்த அட்டையில் ஒட்டினார்கள்.

சுருண்ட படத்தை நிமிர்த்தலாமா?

ஒட்டாமல் விட்ட பழைய படங்கள் சுருளாகவே கிடைக்கும். அவற்றைக் கையால் இழுத்து விரித்தால் மேல்பூச்சு வெடிக்கும்; முகங்களில் கீறல் விழும். தண்ணீரில் நனைப்பதும் இஸ்திரி போடுவதும் ஆபத்து. பழைய ஆவணங்களைச் செப்பனிடும் நிபுணரிடம் கொடுத்தால், காற்றின் ஈரத்தை மெல்ல ஏற்றி, உறிஞ்சுதாள்களுக்கு நடுவே பாரம் வைத்து நிமிர்த்துவார்.

சட்டம் போடும்போது படத்தைப் பசையால் ஒட்டக்கூடாது. நான்கு மூலைகளையும் காகித மடிப்பில் செருகினால் போதும். நடுவே வெட்டிய அட்டையைப் படத்தின்மேல் வைத்தால், கண்ணாடி படத்தில் படாது. நீலகிரியின் ஈரக் காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இதுவே வழி. ஈரச் சுவரில் மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். வெயில் பட்டால் வெளுக்கும். ஆகவே நகல் எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு, அசலைப் பெட்டியில் பத்திரப்படுத்துவது மேல்.

மீண்டும் கிடைத்த பெயர்

பென் 1924-ல் குன்னூரில் காலமானார். ஆண்டுகள் உருண்டன. அவர் பெயர் மங்கியது. ஆனால் படங்கள் அழியவில்லை. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்திலும் அவை இருக்கின்றன.

அவர் வம்சத்தில் வந்த கிறிஸ்டபர் பென், முன்னோரின் வாழ்க்கையைத் தேடிப் புறப்பட்டார். 2008-ல் ஒரு நூல் வெளியிட்டார். நிக்கோலஸ் சகோதரர்களையும் பென்னையும் பற்றிய மற்றொரு நூல் 2014-ல் வந்தது.

எடுத்தவர் போய்விட்டார். ஸ்டூடியோவும் போய்விட்டது. மெல்லிய தாள்களை யாரோ கிழியாமல் காத்து வைத்தார்கள். அதனால் அன்றைய உதகையையும் தோடர்களின் முகங்களையும் இன்றும் பார்க்க முடிகிறது.