விஞ்ஞானி சத்தியேந்திரநாத போஸ்

பாரத நாடு ஈன்ற விஞ்ஞான மேதைகளுள் சத்தியேந்திரநாத போஸ் தலைசிறந்தவருள் ஒருவராவர். அன்னார் 1894ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி கல்கத்தா நகரிற் பிறந்தார். தந்தையார் புகையிரதப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். பிள்ளைகள் எழுவருள் இவரே மூத்தவர். ஏனையோர் அறுவரும் பெண்கள். பிரசிடென்சிக் கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் என்னும் பெரியார்களிடம் பாடங் கேட்டார். 1915இல் எம்.எஸ்ஸி. பரீட்சையில் முதலாவதாகத் தேறினார். இரண்டாவதாகத் தேறியவர் பின்னாளிற் புகழ்பெற்ற மேகநாத சாகா.

1921இல் டாக்கா சர்வகலாசாலையில் பௌதிக ஆசிரியரானார். வெப்பமுற்ற பொருளினின்று ஒளி வீசும் முறைபற்றிப் பிளாங்க் என்பார் வகுத்த விதியை மாணவர்க்குப் போதிக்கையில், அதற்குக் காட்டப்பட்ட நிறுவல்கள் அவர் மனத்திற்குத் திருப்தியளிக்கவில்லை. புதியதொரு கணக்கீட்டு முறையைத் தாமே வகுத்தார்.

அம்முறையை ஓர் உவமையால் விளக்கலாம். இரண்டு மாம்பழங்களை இரண்டு கடகங்களில் இடுவதற்கு நான்கு வழிகளுண்டு. இரண்டும் முதற் கடகத்தில், இரண்டும் மற்றதில், கடகத்துக்கு ஒவ்வொன்றாக, அவை இடம்மாறியதாக மற்றொரு முறை. ஒளித்துணிக்கைகளிலோ இது, அது என்ற பேதமேயில்லை. ஆகவே இடமாற்றம் வேறு வழியாகாது, வழிகள் மூன்றே. அவற்றுள் இரண்டில் துணிக்கைகள் ஒருங்கே கூடியிருத்தலைக் காண்க.

இக்கட்டுரையை இங்கிலாந்துச் சஞ்சிகையொன்று பிரசுரிக்கவில்லை. கலாநிதிப் பட்டமும் இல்லாத இளம் ஆசிரியரான போஸ் மனந்தளர்ந்தாரல்லர். 1924இல் அதனை முன்பின் அறியாத ஐன்ஸ்ரைனுக்கே அனுப்பினார். அம்மேதை தாமே அதனை யேர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிட்டதோடு, அணுக்களுக்கும் அம்முறையை விரித்தார். மிகக் கடுங் குளிரில் அணுக்கள் பல ஒரே நிலையிற் கூடும் என்றார். அது 1995இல் அமெரிக்காவில் ருபீடிய அணுக்களைக் கொண்டு மெய்ப்பிக்கப்பட்டது. மெய்ப்பித்தோர்க்கு 2001இல் நோபல் பரிசும் கிடைத்தது. போஸுக்கு அப்பரிசு கிடைத்ததில்லை. ஆயினும் இவ்வினத் துணிக்கைகள் யாவும் அவர் பெயரால் போசோன் எனப்படுகின்றன. ஒன்றையொன்று தாக்கும் பல போசோன்கள், ஒன்றின் நிலையை மற்றவற்றினின்று பிரித்துரைக்கவொண்ணாதவாறு பிணைந்து நிற்றலை இன்று ஆய்வுகூடங்களில் ஆராய்கின்றனர்.

1945இல் கல்கத்தா மீண்ட போஸ், விஞ்ஞானம் தாய்மொழியிலேயே கற்பிக்கப்படல் வேண்டுமென உறுதிகொண்டார். 1948இல் வங்காள விஞ்ஞானக் கழகத்தை நிறுவி, வங்க மொழியிலே விஞ்ஞானச் சஞ்சிகையும் நடத்துவித்தார். எஸ்ராஜ் என்னும் நரம்பிசைக் கருவியை இனிது மீட்டவும் வல்லவர். 1954இல் பத்ம விபூஷண் விருதும், 1958இல் இலண்டன் றோயல் சங்க அங்கத்துவமும் பெற்றார். 1974ஆம் ஆண்டு பெப்ருவரி 4ஆந் திகதி இவ்வுலக வாழ்வை நீத்தார்.

எம் அயலூராகிய மானிப்பாயிலே 19ஆம் நூற்றாண்டில் வைத்தியர் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் போதித்தார். அன்னியர் ஒருவர் எம்மொழியில் ஆற்றிய தொண்டு அது. போஸ் தம்மொழிக்குத் தாமே ஆற்றினார். ஆங்கிலத்தில் விஞ்ஞானம் பயிலும் வாலிபர்காள்! கற்றதை வீட்டிலுள்ள தாய்க்கும் தம்பிக்கும் தமிழிற் சொல்லிப் பாருங்கள். சொல்ல இயலாதெனின், கற்றது இன்னும் எமதாகவில்லை என்று அறிவோமாக.