ஆரியபட்டரும் வர்க்கமூலமும்

கி. பி. 476-இல் பிறந்த ஆரியபட்டர், தமது 23-ஆம் பிராயத்தில் ‘ஆரியபட்டீயம்’ என்னும் நூலை இயற்றினார். வர்க்கமூலங் காணும் விதியை அதில் ஒரே சுலோகத்தில் அடக்கினார்.

625-க்கு மூலங் காண்போம். 6-இல் அடங்கும் பெரிய வர்க்கம் 4. அதன் மூலம் 2. மீதி 2-உடன் அடுத்த இலக்கத்தைச் சேர்க்க 22. இதனை மூலத்தின் இருமடங்காகிய 4-ஆல் வகுக்க ஈவு 5, மீதி 2. கடையிலக்கத்தைச் சேர்க்க 25. ஈவின் வர்க்கமாகிய 25-ஐக் கழிக்க மீதியில்லை. மூலம் 25.

பூமி சுழல்கின்றதென்று அவர் கூறியதைப் பிற்காலத்தார் பலர் மறுத்தனர். 628-இல் பிரமகுப்தர் தம் நூலில் அவரைக் கடுமையாகக் கண்டித்தார். ஆயினும் வர்க்கமூல விதி நிலைத்தது. விடையை அதனாலேயே பெருக்கி மெய்ம்மை காண எவர்க்கும் இயலுமன்றோ? வகுப்பில் நாம் பயின்ற முறையும் இதனோடு ஒத்ததே. மாணவ நண்பர்காள், அவரும் நம்மையொத்த இளைஞராயிருந்தே இதனை எழுதினார்.