ஜிம் கார்பெட்

ஜிம் கார்பெட் என்று பரவலாக அறியப்படும் எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் (ஜூலை 25, 1875 – ஏப்ரல் 19, 1955) இந்தியாவில் பிறந்து வளர்ந்த பிரித்தானிய வேட்டையாளரும் இயற்கையியலாளரும் எழுத்தாளரும் ஆவார். இமயமலையின் குமாவுன், கார்வால் பகுதிகளில் மனிதரைக் கொன்றுவந்த புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிச் சென்று சுட்டதால் புகழ்பெற்றார். பிற்காலத்தில் புலிகளைப் படம்பிடிப்பதில் ஈடுபட்டதுடன், இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமையவும் துணைநின்றார். அப்பூங்கா இப்போது இவருடைய பெயராலேயே வழங்குகிறது.

இளமை

கார்பெட் நைனித்தாலில் பிறந்தார். தந்தை கிறிஸ்டோபர் வில்லியம் கார்பெட் அவ்வூரின் அஞ்சல் அலுவலர். 1881-இல் அவர் இறந்தபோது ஜிம்முக்கு ஆறு அகவைகூட நிரம்பவில்லை. பெரிய குடும்பத்தைத் தாய் மேரி ஜேன் தாங்கினார். மூத்த அண்ணன் டாம் தந்தையின் பணியை ஏற்றுக்கொண்டார்.

குடும்பத்துக்கு இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் ஏரிக்கரையில் அமைந்த நைனித்தாலில். மற்றொன்று மலையடிவாரக் காட்டை ஒட்டிய காலாதுங்கியில். கோடையிலும் மழைக்காலத்திலும் அடிவாரத்தில் மலேரியாக் காய்ச்சல் கடுமையாக இருக்கும் என்பதால் மலைமேல் தங்குவர். குளிர்காலம் தொடங்கியதும் கீழே இறங்கிவிடுவர். ஆண்டுதோறும் நிகழ்ந்த இந்த இடமாற்றமே கார்பெட்டின் உண்மையான கல்வி எனலாம். மலைக்காட்டையும் அடிவாரக் காட்டையும் அவற்றுக்குரிய பருவங்களில் மாறிமாறிப் பார்த்து வளர்ந்தவர் இவர்.

காட்டுக்குள் இவர் முதலில் எடுத்துச் சென்றது கவண்வில். குமாவுன் பறவைகளைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்த ஸ்டீபன் டீஸ் என்பவருக்குப் பறவைகளைச் சேகரித்துக் கொடுத்தார். இதன்பொருட்டு அவரிடமிருந்து கிடைத்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியில் ஒரு குழல் பழுதுபட்டது. ஒரே ஒரு வெடிதான் உண்டு என்னும் நிலையில், நெருங்கிச் செல்லவும் காத்திருக்கவும் சிறுவன் பழகிக்கொண்டான். மென்மணலில் பதிந்த அடித்தடத்தைக் கொண்டு விலங்கு எப்போது சென்றது, நடந்ததா ஓடியதா என்று அறியவும், புள்ளிமான், கடமான், கேளையாடு, மந்தி, மயில் ஆகியவை எழுப்பும் எச்சரிக்கைக் குரல்களைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத புலியின் போக்கைக் கணிக்கவும் கற்றார். கள்ளவேட்டைக்காரரான குன்வர் சிங் இவருடைய ஆசான்களுள் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது.

தூண்டில் மீன்பிடிப்பிலும் கார்பெட்டுக்குத் தீராத ஈடுபாடு இருந்தது. மலையாறுகளின் விரைந்த நீரில் வாழும் மகசீர் என்னும் பெரிய கெண்டையின மீனே இவர் விரும்பித் தேடியது. ஆட்கொல்லிகளைப் பற்றிய இவரது முதற்பெரும் நூலில் மகசீர் பிடித்ததைப் பற்றியும் ஓர் அத்தியாயம் உள்ளது. ருத்ரபிரயாக் சிறுத்தையைப் பற்றிய நூலிலும் மீன்பிடித்த நாளொன்று இடம்பெறுகிறது.

தொடர்வண்டிப் பணி

இருபது அகவை நிரம்புமுன்னரே கார்பெட் வங்காள-வடமேற்குத் தொடர்வண்டி நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னர் கங்கைக்கரையிலுள்ள மொக்காமா காட்டில், சரக்குகளை ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாற்றி ஏற்றும் ஒப்பந்தத்தை ஏற்று இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். அகலப்பாதையும் மீட்டர்பாதையும் சந்தித்த இடமாதலால் எல்லாச் சரக்கையும் ஆட்களே சுமந்து மாற்ற வேண்டியிருந்தது. முழுநேர வேட்டைக்காரர் என்றே பலர் இவரை நினைக்கின்றனர். ஆனால் இவர் தம் இளமையின் பெரும்பகுதியைக் கழித்தது சுமைதூக்கும் தொழிலாளருடன்தான்.

ஆட்கொல்லி வேட்டை

கார்பெட் சுட்ட முதல் ஆட்கொல்லி சம்பாவத் பெண்புலி. நேபாளத்திலிருந்து விரட்டப்பட்டுக் குமாவுனுக்கு வந்த இது, மொத்தம் 436 பேரைக் கொன்றதாக இவர் பதிவு செய்துள்ளார். 1907-இல் ஏறத்தாழ 300 ஊரார் மேட்டில் நின்று ஒலியெழுப்பிப் புலியைக் கிளப்ப, கார்பெட் அதைச் சுட்டார். தம் தோட்டாக்கள் தீர்ந்துவிட்டதால் வட்டாட்சியரின் துப்பாக்கியை வாங்கியே இறுதி வெடியை வெடித்தார். இறந்த புலியின் வலப்புற மேல், கீழ்க் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. இயல்பான இரையைக் கொல்ல இயலாததால் அது மனிதரை நாடியது என்று இவர் கருதினார்.

இக்கருத்தே இவருடைய பிற்கால எழுத்து முழுவதற்கும் அடிப்படையாயிற்று. சரியாகச் சுடப்படாத காயம், முள்ளம்பன்றி முட்கள் தைத்த புண், முதுமை ஆகியவையே புலியை ஆட்கொல்லியாக்குகின்றன என்றார். சிறுத்தைகளுக்கு வேறொரு காரணம் கூறினார். கொள்ளைநோய்க் காலங்களில் முறைப்படி எரிக்கப்படாமல் விடப்பட்ட பிணங்களைத் தின்று பழகியவை, நோய் அடங்கியபின் உயிருள்ள மனிதரைத் தேடின என்பது இவரது விளக்கம். ஏறத்தாழ 400 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் பனார் சிறுத்தையை 1910-இல் சுட்டார்.

ருத்ரபிரயாக் சிறுத்தை 1918 முதல் 1926 வரை அரசுக் கணக்கின்படி 125 பேரைக் கொன்றது. கேதார்நாத், பத்ரிநாத் செல்லும் வழியில் இது நடமாடியதால் இந்தியா முழுவதும் இதன் பெயர் பரவியது. இருட்டியபின் கதவைத் திறக்க ஊரார் அஞ்சினர். நஞ்சும் பொறிகளும் பயனளிக்கவில்லை. பல இரவுகள் மரத்தின் மீது காத்திருந்தும் தோல்வியே கண்ட கார்பெட், 1926 மே மாதத் தொடக்கத்தில் கோலாப்ராய் அருகே ஒரு மாமரத்திலிருந்து அதைச் சுட்டார். பல் தேய்ந்த கிழட்டு ஆண் சிறுத்தை அது.

1930 ஏப்ரலில் சௌகர் பெண்புலியை எதிர்கொண்டபோது இவரது இடக்கையில் பக்கிப் பறவையின் இரு முட்டைகள் இருந்தன. பாறையைச் சுற்றித் திரும்பியதும் சில அடி தொலைவில் புலி. முட்டைகளை வைத்திருந்ததால் ஒற்றைக் கையாலேயே துப்பாக்கியை மெல்லத் திருப்பிச் சுட்டார். பின்பு முட்டைகளை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

ஆட்கொல்லியைத் தேடப் புறப்படுமுன் இவர் அரசிடம் இரண்டு நிபந்தனைகள் விதித்ததுண்டு: அறிவித்த பரிசுத்தொகையை நீக்க வேண்டும், பிற வேட்டைக்காரரைத் திரும்பப் பெற வேண்டும். 1878-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தால் மலைவாழ் மக்களிடம் துப்பாக்கிகள் அரிதாக இருந்தன என்பதையும், அதனால் அவர்கள் ஒரு வெள்ளையரின் வருகைக்குக் காத்திருக்க நேர்ந்தது என்பதையும் இங்கு நினைவில் கொள்ளவேண்டும்.

வேட்டையிலிருந்து பாதுகாப்புக்கு

கார்பெட் ஆட்கொல்லிகளை மட்டுமே சுட்டார் என்பது சரியன்று. 1930-இல் இவர் சுட்ட பவல்கர் புலி யாரையும் கொன்றதில்லை. பேருருவம் கொண்டதால் வேட்டையாளர் பலர் தேடிய விலங்கு அது. அரசப் பிரதிநிதிகளின் வேட்டைகளுக்கும் இவர் ஏற்பாடு செய்துகொடுத்தார். எனவே இவரது மனமாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததாகக் கூறுவது பொருந்தாது.

காட்டுயிர்களை ஒளிப்படமெடுத்த வன அலுவலர் எஃப். டபிள்யூ. சாம்பியனின் தாக்கத்தால் இவர் திரைப்படக் கருவியைக் கையிலெடுத்தார். கருவியின் ஒலி கேட்டுப் புலிகள் விலகிப்போயின. அவ்வொலியை மறைப்பதற்காக ஓர் ஓடையருகே, நீரின் சலசலப்புக்கிடையில் மறைவிடம் அமைத்துக் காத்திருந்தார். ஏழு புலிகளைப் படம்பிடித்தார். 1936-இல் ஹெய்லி தேசியப் பூங்கா நிறுவப்பட்டதில் இவருக்குப் பங்குண்டு. விடுதலைக்குப்பின் ராம்கங்கா தேசியப் பூங்கா எனப்பட்ட அது, இவர் மறைந்தபின் கார்பெட் தேசியப் பூங்கா ஆயிற்று. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் அங்குதான் தொடங்கப்பட்டது.

படைப்பணியும் சிற்றூரும்

முதல் உலகப்போரில் 500 குமாவுன் மலைமக்களைத் திரட்டித் தொழிலாளர் படையாகப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். இரண்டாம் உலகப்போரில் படைவீரர்களுக்குக் காட்டில் பிழைக்கும் முறைகளைக் கற்பித்தார். காலாதுங்கிக்கு அருகே சோட்டி ஹல்த்வானி என்னும் சிற்றூரை வாங்கிக் குடியானவர்களை அமர்த்தினார். காட்டுப்பன்றிகளிடமிருந்து பயிரைக் காக்க ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். அங்கிருந்த இவரது வீடு பின்னர் அருங்காட்சியகமாக்கப்பட்டது.

நூல்கள்

1944-இல் வெளிவந்த குமாவுன் ஆட்கொல்லிகள் பற்றிய நூல் இவருக்கு உலகப்புகழ் தந்தது. ருத்ரபிரயாக் சிறுத்தை பற்றிய நூலும், எனது இந்தியா (1952), காட்டறிவைக் கூறும் தன்வரலாற்று நூல் (1953) ஆகியவையும் தொடர்ந்தன. இவற்றுள் எனது இந்தியாவில் வேட்டை குறைவு. ஏழைக் குடியானவர், சுமைதூக்குவோர், கொள்ளைக்காரர் ஆகியோரே அதன் மாந்தர். தமிழில் தி. ஜ. ர. குமாயுன் புலிகள் என்ற பெயரிலும், யுவன் சந்திரசேகர் எனது இந்தியா என்ற பெயரிலும் மொழிபெயர்த்துள்ளனர்.

இறுதிக்காலம்

திருமணம் செய்துகொள்ளாத கார்பெட், தம்முடன் வாழ்ந்துவந்த தமக்கை மேகியுடன் 1947 இறுதியில் இந்தியாவை விட்டுக் கென்யா சென்று நியேரியில் குடியேறினார். சாரணர் இயக்க நிறுவனர் பேடன் பவல் முன்பு வாழ்ந்த சிறுவீட்டில் இருவரும் தங்கினர். 1952 பெப்ரவரியில் இளவரசி எலிசபெத் அங்குள்ள மரவிடுதியில் விலங்குகளைக் காணத் தங்கிய இரவில் கார்பெட்டும் உடனிருந்தார். அதே இரவில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்ததால் எலிசபெத் அரசியானார். அந்நிகழ்வைப் பற்றி எழுதிய சிறுநூலே இவரது கடைசி நூல். அது இவர் மறைந்தபின் 1955-இல் வெளிவந்தது.

மாரடைப்பால் இறந்த கார்பெட் நியேரியில் அடக்கம் செய்யப்பட்டார். 1968-இல் செக் நாட்டு விலங்கியலாளர் விரதிசுலாவ் மசாக், இந்தோசீனப் புலியின் துணையினத்துக்குக் கார்பெட்டின் பெயரைச் சூட்டினார்.